கம்பெனி எப்போதும் தோற்குமா? கிளைம் மறுப்பு வழக்குகள் பற்றி

11 ஜனவரி 2025 | ஒரு வாசகர்

அப்பா 2022 செப்டம்பரில் 12 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். போன ஜூலையில் மாரடைப்பில் தவறிவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததை மறைத்துவிட்டார் என்று டிசம்பரில் கம்பெனி கிளைமை மறுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ, இன்சூரன்ஸ் கம்பெனி எப்போதும் தோற்கும், ஜட்ஜுகள் மக்கள் பக்கம்தான்” என்கிறார் மாமா. உண்மையா?

12 ஜனவரி 2025

எப்போதும் தோற்காது. மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இந்த நம்பிக்கையில் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய்த் தோற்றுத் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளைம் பிரிவிலும் பிறகு சட்டப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மறுப்புக் கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன். எழுதிய கடிதத்தோடு நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றும் இருக்கிறேன். கம்பெனி ஜெயித்த வழக்குகள் நிறையவே உண்டு. நாள்பட்ட சர்க்கரையும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்ததைச் சொல்லாமல் மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீடு) எடுத்த ஒரு வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 2019இல் வந்த ரேகாபென் தீர்ப்பும் அப்படியே. வேறு கம்பெனியில் எடுத்திருந்த ஆயுள் பாலிசியைப் படிவத்தில் கேட்டும் சொல்லவில்லை என்பதற்காக மறுத்தது செல்லும் என்றார்கள்.

கம்பெனி தோற்கும் வழக்குகளில் நீதிபதியின் இரக்கம் பெரிய காரணமே இல்லை. ஃபைலில் இருக்க வேண்டியது இருக்காது, அதுதான் காரணம். உங்கள் வழக்கும் அப்படித்தான் தீரும். எனவே கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பாருங்கள். “மோசடி” என்று எழுதியிருக்கிறார்களா, “தவறான தகவல், உண்மையை மறைத்தல்” என்றா? கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தந்தார்களா, இல்லையா?

12 ஜனவரி 2025, இரவு

விட்டுப்போன ஒன்று. பிரீமியத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு வவுச்சர் அனுப்பி, “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டால் யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள். “மறுப்புக்கு உடன்படாமல், உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்” என்று கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை போய்விடாது, ஏமாற்றியோ நெருக்கியோ தவறாகச் சொல்லியோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால் வழக்கு நிற்கும் என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அந்தச் சுமை எதற்கு?

15 ஜனவரி 2025

கடிதத்தில் “மோசடி” என்ற சொல் இல்லை, “முக்கிய உண்மையை மறைத்தார்” என்று இருக்கிறது, பிரீமியத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் கம்பெனி எந்த வழியில் போகிறது என்று தெரிந்துவிட்டது.

காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 45. 2015 திருத்தத்துக்குப் பிறகு அது இப்படி: பாலிசி தந்த நாள், பொறுப்பு தொடங்கிய நாள், பாலிசி புதுப்பிக்கப்பட்ட நாள், ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு) சேர்த்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து மூன்று வருஷம் தாண்டினால் ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. மோசடிக்கும் சேர்த்துத்தான். உங்கள் அப்பா பாலிசிக்கு அந்த மூன்று வருஷம் முடியவில்லை. அதனால் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. (பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தவர்கள் கவனிக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வருஷம் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடியும் எண்ணப்படும்.)

மூன்று வருஷத்துக்குள் அவர்களுக்கு இரண்டு வழி. மோசடி என்று சொன்னால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பாலிசிதாரர் உயிரோடு இல்லாவிட்டால் அதை மறுத்துக் காட்டும் பொறுப்பைச் சட்டம் வாரிசுகள் மேல் வைக்கிறது. குடும்பங்களுக்கு இது கடுமையான விதி. இரண்டாவது வழி, மோசடி இல்லை, ஆனால் முக்கியமான தகவல் தவறு என்பது. இதில் பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதோடு, “இது தெரிந்திருந்தால் நாங்கள் பாலிசியே தந்திருக்க மாட்டோம்” என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். “பிரீமியம் கூட்டியிருப்போம்” என்று சொன்னால் போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல் பிரீமியம் போட்டுத் தினமும் பாலிசி தருகிற கம்பெனி, உங்கள் அப்பாவுக்கு மட்டும் தந்திருக்கவே மாட்டோம் என்று சொல்ல வேண்டுமானால், தன்னுடைய அண்டர்ரைட்டிங் விதிகளை, அதாவது யாருக்குப் பாலிசி தரலாம் என்று முடிவுசெய்யும் விதிகளை, எடுத்து மேசையில் வைக்க வேண்டும். அந்த ஆவணத்தை ஆணையத்தின் முன் வைக்கக் கம்பெனிகள் அவ்வளவு தயங்கும். உங்கள் மனுவில் அதைக் கேளுங்கள்.

16 ஜனவரி 2025

“ஆஸ்பத்திரி பேப்பரிலேயே சர்க்கரை என்று இருக்கிறதே, அப்புறம் என்ன நிரூபிக்க இருக்கிறது” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தப் பேப்பர் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன்.

இரவு பதினொரு மணி. நெஞ்சுவலி என்று ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். வாசலில் நிற்கும் இளம் டாக்டர் கூட வந்தவரைக் கேட்கிறார்: சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, எத்தனை வருஷமா? கூட வந்தவர் அண்ணன் மகனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். “இருக்குங்க, ரொம்ப வருஷமா” என்கிறார். டாக்டர் கேஸ் ஷீட்டில் “டி.எம். 10 வருஷம்” (டி.எம். என்றால் சர்க்கரை நோய்) என்று எழுதிவிட்டு நோயாளியைக் கவனிக்கப் போகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது அப்படியே ஏறுகிறது. கம்பெனியின் இன்வெஸ்டிகேட்டர் ஆறு மாதம் கழித்து வந்து அந்த ஒரு வரியை ஜெராக்ஸ் எடுத்துப் போகிறார். மறுப்புக் கடிதம் அதன்மேல் நிற்கிறது.

அந்த வரி மட்டும் போதாது என்று நுகர்வோர் ஆணையங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எழுதிய டாக்டரின் வாக்குமூலம் வேண்டும். அல்லது பாலிசி எடுப்பதற்கு முன்பே சிகிச்சை நடந்ததற்கு மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை, பழைய அட்மிஷன் ஏதாவது வேண்டும். இவற்றைத் தேட இன்வெஸ்டிகேட்டருக்குக் கம்பெனி தரும் கட்டணமும் அவகாசமும் போதாது. ஊரில் இரண்டு மருந்துக் கடை, ஒரு கிளினிக் ஏறி இறங்கியிருந்தால் கிடைத்திருக்கும் ஆதாரம், யாரும் போகாததால் ஃபைலுக்கு வராமலே போன வழக்குகள் உண்டு. அவற்றில் உண்மை கம்பெனி பக்கம் இருந்தும் தோற்றோம். நீதிபதி வேறு என்ன செய்வார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் அப்பா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வாங்கிய சீட்டு 2020 தேதியில் கம்பெனி கையில் இருந்தால் நான் மேலே சொன்னது எதுவும் உதவாது. வீட்டில் என்ன இருக்கிறது என்று நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள்.

19 ஜனவரி 2025

பாலிசி கேட்டு அப்பா கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலை வாங்கிவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

வாங்கியதும் கேள்வி பதில்களைப் பார்ப்பதற்கு முன் மையைப் பாருங்கள். இருபது “இல்லை” கட்டங்களிலும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், ஒரே பேனாவால் டிக். படிவம் முழுக்க ஆங்கிலம். கீழே கையெழுத்து மட்டும் தமிழில், வேறு மையில், நிதானமாக. ஏஜென்ட் நிரப்பினார், இவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரியும். இப்படி வேறு மொழியில் கையெழுத்திட்டால், படிவத்தைப் படித்துப் பொருள் விளக்கினேன் என்று இன்னொருவர் தரும் உறுதிமொழி அதே படிவத்தில் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் உங்களுக்கு நல்லது.

ஆனால் “ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது” என்ற ஒரே வாதத்தை நம்பிப் போகாதீர்கள். கையெழுத்துப் போட்டவர் அதிலுள்ளதற்குப் பொறுப்பு என்றுதான் ரேகாபென் வழக்கிலும் சொன்னார்கள். மற்ற ஆதாரங்களோடு சேர்ந்தால்தான் இதற்குப் பலம்.

படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்றால் கதை வேறு. கம்பெனி கேட்காததைச் சொல்லவில்லை என்று பின்னால் குற்றம் சொல்வது கடினம். கேட்டு, பதிலும் தெரிந்து, பாலிசி தந்துவிட்டால் இன்னும் கடினம். சர்க்கரை இருப்பதைச் சொல்லிப் பயணக் காப்பீடு எடுத்தவர் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு. கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சொல்லவில்லை என்று கிளைமை மறுத்தார்கள். நோயாளியின் நிலையை எடைபோட்டுத்தானே பாலிசி கொடுத்தீர்கள், இப்போது அதையே காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

20 ஜனவரி 2025

மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரிவு 45 பொருந்துமா என்ற கேள்விக்கு: பொருந்தாது. அதற்குத் தனி விதி. ஐந்து வருஷம் தொடர்ந்து பாலிசி இருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, பழைய நோயை மறைத்தீர்கள் என்று மறுக்க முடியாது. 2024க்கு முன்னால் இது எட்டு வருஷமாக இருந்தது. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் இன்னொன்றும் வந்தது: கிளைம் மறுஆய்வுக் குழு பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த மருத்துவக் கிளைமையும் மறுக்கக் கூடாது. நான் வேலையில் இருந்தபோது இது இருந்திருந்தால் சில கடிதங்கள் தபாலுக்கே போயிருக்காது.

25 ஜனவரி 2025

மறுப்புக் கடிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று கேட்டார்கள்.

கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு கோர்ட்டில் புதிதாகச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2016 கலாடா பவர் தீர்ப்பு, 2019 சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் தீர்ப்பு, இரண்டிலும் இதுதான் விஷயம். தாமதமாகத் தெரிவித்தார்கள் என்று கம்பெனி வாதாடியது. ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்பியபோது அதைச் சொல்லவில்லை, மறுப்புக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதாததை இப்போது எடுக்காதே என்றார்கள்.

கிளைம் மேசையில் இது என்ன பாடு என்று வெளியில் தெரியாது. மாதக் கடைசி, நிலுவைப் பட்டியல் மேலிடத்துக்குப் போக வேண்டும், ஒரு இளநிலை அதிகாரி பழைய கடிதம் ஒன்றைக் காப்பி எடுத்துப் பெயரையும் எண்ணையும் மாற்றி அனுப்புகிறார். இரண்டு வருஷம் கழித்து வக்கீல் ஃபைலைப் பிரித்தால் உண்மையான காரணம் உள்ளே சர்வேயர் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, கடிதத்தில் இல்லை. அதன்பிறகு அந்த வக்கீல் எவ்வளவு பெரியவராக இருந்தும் பயனில்லை.

26 ஜனவரி 2025

சர்வேயர் என்றதும் கார்க்காரர்கள் வந்துவிட்டார்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களின் கிளைம்களைப் பார்த்தேன். நிறுத்தியிருந்த வண்டிக்குள் தண்ணீர் ஏறி வயரிங், சீட், எலக்ட்ரானிக் பெட்டி போனால் பெரிய சண்டை இல்லை. வெள்ளம் பாலிசியிலேயே உண்டு. சண்டை எஞ்சினில்தான். தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் சாவியைத் திருப்புகிறார். சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலேற முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைப் பிரித்தால் அந்த வளைவு கண்ணுக்கே தெரியும். வெள்ளத்தால் வந்த சேதமில்லை, வெள்ளத்துக்குப் பின் நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த தொடர்சேதம் என்று கம்பெனி மறுக்கும். வெள்ளம் இல்லாவிட்டால் ராடு ஏன் வளையப் போகிறது என்பார் உரிமையாளர். ஆணையங்கள் இரண்டு விதமாகவும் தீர்த்திருக்கின்றன. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தச் சண்டையே வராது. கடலோர ஊர்க்காரர்கள் வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

சர்வேயர் அறிக்கை வேதவாக்கு இல்லை, அதைத் தாண்டியும் பார்க்கலாம் என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதே வருஷம் வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், முதல் அறிக்கை பிடிக்கவில்லை என்று பிடிக்கிற அறிக்கை வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவரைக் கம்பெனி அனுப்ப முடியாது என்றும் சொன்னார்கள்.

2 பிப்ரவரி 2025

விஷயம் சாலை விபத்துக்குப் போய்விட்டதால் ஒரு குறிப்பு. அங்கே கம்பெனியின் நிலைமை வேறு. அடிபட்டவர் மூன்றாவது ஆள், பாலிசியில் என்ன மீறல் நடந்தாலும் அவர்மேல் பழி இல்லை. அதனால்தான் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புக்குப் பிறகு “முதலில் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலி” என்ற முறை நிலைத்தது. வசூலிக்கப் போனால் லாரியை விற்றிருப்பார், வீடு மனைவி பெயரில் இருக்கும்.

லைசென்ஸ் காரணம் காட்டித் தப்புவதும் சுருங்கிவிட்டது. இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. சின்ன யானை ஓட்டும் பையன்களின் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

அரசு பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைப் படித்துவிட்டு “அதற்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாதா” என்று கேட்டவருக்கு: அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீடு எடுப்பதிலிருந்து சட்டத்தில் விலக்குப் பெறலாம். தாங்களே நிதி வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காதபோது நீதிமன்ற அமீனா டிப்போவுக்குப் போகிறார்.

போலி விபத்து வழக்குகளையும் மறந்துவிட வேண்டாம். அடையாளம் தெரியாத வண்டி மோதிய கேஸில் காப்பீடு உள்ள வண்டியைக் கொண்டுவந்து நுழைப்பது நடக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இதற்காகவே 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. கம்பெனி எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறது என்று திட்டுகிறோம். சந்தேகப்பட வேண்டியவையும் அந்த ஃபைல் குவியலுக்குள்தான் கிடக்கின்றன, பொய்க் கிளைமுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பிரீமியத்திலிருந்துதான் போகிறது.

1 மார்ச் 2025

ஜனவரி 12 குறிப்பில் ரேகாபென் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 2025 பிப்ரவரி 25 அன்று, உச்ச நீதிமன்றம் எக்ஸைட் லைஃப் வழக்கு ஒன்றில் வாரிசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. இறந்தவர் தன் பெரிய பாலிசி ஒன்றைப் படிவத்தில் சொல்லியிருந்தார், சிறிய பாலிசிகளைச் சொல்லவில்லை. ரேகாபெனில் எதையுமே சொல்லவில்லை, இவர் பெரியதைச் சொல்லிவிட்டார், பிரீமியம் கட்டும் வசதி அவருக்கு உண்டா என்று எடைபோட அது போதும், விட்டுப்போனது முக்கியமானதல்ல என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2015இலும் இப்படி ஒன்று வந்தது. முதுகுத்தண்டுத் தேய்மானத்தைச் சொல்லாமல் எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர் இதய நோயில் இறந்தார், சொல்லாத நோய்க்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று பணம் தரச் சொன்னார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் இதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் தொடர்புண்டு என்று கம்பெனி டாக்டர் சொல்வார். எனவே உங்கள் பலம் ஜனவரி 15 குறிப்பில் இருக்கிறது: பாலிசியே தந்திருக்க மாட்டோம் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

3 மார்ச் 2025

எங்கே போவது என்ற கேள்விக்குக் கடைசியாக வருகிறேன். இரண்டு கதவு, வரிசை முக்கியம்.

காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்): 50 லட்சம் வரை. கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும். பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் பணம் தர வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு ஆம்பட்ஸ்மேனிடம் வர முடியாது. மாமா சொல்கிறபடி நேராக கோர்ட்டுக்கு ஓடினால் இந்தக் கதவு மூடிவிடும்.

நுகர்வோர் ஆணையம்: காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். 2019 சட்டப்படி எந்த ஆணையம் என்பதைக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கும், கேட்கும் தொகை அல்ல. உங்கள் பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டியிருக்காது, ஆகவே மாவட்ட ஆணையம்தான், அதுவும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே. நோட்டீஸும் மனு நகலும் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், மேலே 15 நாள், அதற்குள் கம்பெனி பதிலுரை போட வேண்டும். 46ஆம் நாள் போட முடியாது என்று 2020 மார்ச்சில் ஹில்லி வழக்கில் அரசியல் சாசன அமர்வு முடித்துவிட்டது. கிளையிலிருந்து மண்டல அலுவலகம், அங்கிருந்து வக்கீல் என்று ஃபைல் ஊர்வதற்குள் 45 நாள் கரைந்து, நல்ல ஆதாரம் இருந்தும் பதிலுரை இல்லாமல் கம்பெனி நின்றதும் உண்டு. அதனால் மனு எந்தத் தேதியில் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் தபால் ஒப்புகையை ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள், நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.